தோட்டத்துக் கொட்டாய்க்கு சோலார் விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாந்தோப்புக்குள் கொட்டாய். கரண்ட் கம்பம் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. சாயங்காலம் நாலு மணி நேரம் இரண்டு பல்பு, காவலுக்கு விடிய விடிய ஒரு சின்ன பல்பு எரிந்தால் போதும். எத்தனை வாட் பேனல் வாங்குவது? (காவேரிப்பட்டணம்)

பதில்: பேனலைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஓர் இரவுக்கு எவ்வளவு மின்சாரம் செலவு என்று எழுதுங்கள். 5 வாட் பல்பு இரண்டு, நாலு மணி நேரம்: 40 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). 3 வாட் பல்பு ஒன்று, 12 மணி நேரம்: 36. கூட்டினால் 76. ஒயரிலும், பேட்டரி அளவுக்கு மீறி நிறையாமல் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலரிலும் போவதைச் சேர்த்து 100 என்று வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வானம் மூடிக் கிடந்தால் 200 வேண்டும். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 12.8 வோல்ட் 20 ஏ.எச். (ஆம்பியர் அவர்; வோல்ட்டால் பெருக்கினால் வாட் அவர்) சரியாக இருக்கும். டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் அதில் 40 ஏ.எச். வேண்டும்.

நல்ல வெயில் நாளுக்கு நாலு மணி நேரம், அதில் 30 சதவீதம் வீண் என்று கணக்குப் போட்டால் 40 வாட் பேனல் தருவது 112 வாட் அவர். அன்றன்றைக்குப் போதும், மழைக்குப் பிறகு காலியான பேட்டரியை அதால் தேற்ற முடியாது. 75 வாட் வாங்குங்கள். தெற்குப் பார்த்து வைத்து, ஒரு அடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம் என்ற கணக்கில் வடக்கு ஓரத்தைத் தூக்குங்கள். மாமரக் கிளை நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் பெரிதாகக் குறையும், ஏனென்றால் உள்ளே இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே சங்கிலி. ஐந்து வருடத்தில் அந்த மரம் எவ்வளவு படரும் என்று பார்த்துக் கம்பம் நடுங்கள்.

ஒயரில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேனலின் 18 வோல்ட் சித்திரை வெயிலில் சூடேறி 15½க்கு இறங்கிவிடும். பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் 10 மீட்டர் தூரம் இருந்து, 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுத்தால் இன்னும் ஒன்றரை வோல்ட் போகும். மீதி 14. பேட்டரி முழுதாக நிறைய 14.4 வேண்டும். "பேனல் புதுசு, பேட்டரி புதுசு, ஆனால் நிறையவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்கள் முதலில் ஒயரைத்தான் பார்க்க வேண்டும். 4 ஸ்கொயர் போட்டால் அரை வோல்ட்கூடப் போகாது.

பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அடுத்து பேனல், கடைசியில் பல்பு. கழற்றும்போது தலைகீழாக. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் சொருகினால் 20 வோல்ட்டுக்கு மேல் உள்ளே ஏறிக் கன்ட்ரோலரோ பல்போ போய்விடலாம்.

கேள்வி: பழைய டிராக்டர் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதையே போடலாமா? (அரூர்)

பதில்: வேண்டாம். ஒரு நொடி இழுத்து இஞ்சினைக் கிளப்பத்தான் அதன் தகடுகள். ராத்திரி முழுக்க இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும்.

கேள்வி: மாட்டுக் கொட்டாய்க்கு ஆன்லைனில் '300 வாட்' சோலார் விளக்கு 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்பது மணிக்கே மங்கிவிடுகிறது. கேட்டால், வெயில் படவில்லை என்கிறார்கள். நான்தான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா? (பென்னாகரம்)

பதில்: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. அந்த '300' பொய். டேப்பை எடுத்துப் பேனலை அளந்து பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் உச்சி வெயில் கொட்டுவது சுமார் 1,000 வாட். நல்ல செல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி பேனல் 20 வாட்டைத் தாண்டாது. இந்த அளவு கடவுளே வந்தாலும் மாறாது.

அடுத்து பேட்டரி. இதே மாதிரி எண் போட்டு நான் வாங்கி ஏமாந்த விளக்கைப் பிரித்தபோது, ஆறு செல்லுக்கு இடம் இருந்தது; வைத்திருந்தது இரண்டு. ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஏ.எச். இரண்டும் சேர்ந்து 38 வாட் அவர். உண்மையிலேயே 300 வாட் எரித்தால் எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். தெரியாமல் அச்சானது இல்லை, வாங்குகிறவரை ஏமாற்றவே போட்ட எண் அது. விளக்கு வாங்கும்போது வெளிச்சம் எத்தனை லூமன், பேட்டரி எத்தனை வாட் அவர் என்ற இரண்டையும் கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

பணத்தை விடாதீர்கள். பெட்டியையும் அதில் ஒட்டிய லேபிளையும், டேப் வைத்த பேனலையும் படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தை மாற்றுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வையுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்; 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் கெடு.

கேள்வி: வீட்டு பல்பையே போட்டுக்கொள்ளலாம் என்று சின்ன இன்வெர்ட்டர் வாங்கினேன். கன்ட்ரோலர் வேண்டாம் என்றார் கடைக்காரர். பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றுகிறது. பில் வாங்கவில்லை. என்ன செய்யலாம்? (ஊத்தங்கரை)

பதில்: பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? கையில் தாள் இல்லாதபோது எதை வைத்துச் சண்டை போடுவீர்கள்? யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அந்த ரசீதையாவது தேடி எடுங்கள். கன்ட்ரோலர் இல்லாததால் பேட்டரி நிறைந்த பிறகும் பேனல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் அதனால்தான் வற்றுகிறது. இன்றைக்கே பேனலைக் கழற்றுங்கள். தகடு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, 10 ஆம்பியர் கன்ட்ரோலர் மாட்டிய பிறகு இணையுங்கள். இன்வெர்ட்டரை எடுத்துவிடுங்கள்: பல்பே எரியாமல் 10 வாட் தின்றால் ராத்திரிக்கு 120 வாட் அவர் போச்சு. 12 வோல்ட் டி.சி. பல்பு போதும்.

கேள்வி: பேனல் ஒட்டிய விளக்கைக் கூரைக்கு உள்ளே மாட்டலாமா? (பாலக்கோடு)

பதில்: வெயில் எப்படிப் படும்? பேனல் தனியாக, ஐந்து மீட்டர் ஒயரோடு வருவதை வாங்குங்கள்.

கேள்வி: விளக்கு போட்டதும் ஈசல் மொய்க்கிறது. (தேன்கனிக்கோட்டை)

பதில்: வெள்ளை பல்பை மாற்றி 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போடுங்கள். நீல ஒளி குறைந்தால் பூச்சி குறையும்.

கேள்வி: கல் குவாரி பக்கத்தில் தோட்டம். பேனலில் தூசி படிந்துகொண்டே இருக்கிறது. (பர்கூர்)

பதில்: வாரம் ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். முதலில் தண்ணீரை மட்டும் விட்டு மண்ணை வழிய விடுங்கள். அதற்கு முன் துணி பட்டால் கல் தூசி கண்ணாடியைக் கீறும். சோப்புத் தூள், நார் வேண்டாம். போர் தண்ணீர் என்றால் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள்; உப்புப் படிந்த வெள்ளைக் கறை அடுத்த வாரம் தண்ணீருக்குப் போகாது.