கேள்வி கேட்கத் தயங்கும் பிள்ளைகளை வகுப்பில் பேச வைப்பது எப்படி?

கிராமத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் பதினாறு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். இதற்கு எனக்கு வழி காட்டியது ஒரு மண்பானை.

ஏழாம் வகுப்பு. எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்தது. "இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" என்றேன். அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன், "உள்ள இருக்கிற தண்ணி கசியுது டீச்சர்" என்றான். முன்வரிசையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி எழுந்து, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகிறது என்று புத்தகத்தில் இருக்கிறபடியே ஒப்பித்தாள்.

முன்பெல்லாம் அவளுக்கு ஒரு 'வெரிகுட்' சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். அன்று ஏனோ அந்தப் பையனிடம், "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று கேட்டேன். பேசாமல் நின்றான். நானும் பேசாமல் நின்றேன். அப்புறம் மெதுவாக, "எங்க வீட்டுப் பானை அப்படித்தான் டீச்சர். வெளியில ஈரமா இருக்கும். அடியில போட்ட மணலும் நனைஞ்சிருக்கும்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. மண்பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிகிறது. அது ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. தினமும் வீட்டில் பார்ப்பதை வைத்து அந்தப் பையன் யோசித்திருக்கிறான். அதற்குப் போய்ச் சிரிப்பு கிடைத்தால் மறுபடி எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

"சரி, டம்ளர்லயும் கசியுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று வகுப்பைக் கேட்டேன். ஒருவன் மை கலக்கச் சொன்னான். கலந்தோம். வெளியே துடைத்த வெள்ளைத் துணியில் நீலம் வரவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். "டீத்தூளை வடிகட்டுற மாதிரி மை மட்டும் உள்ளயே நின்னுடுச்சுன்னா?" என்று இன்னொருவன் மடக்கினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசியில் ஒரு பெண், "ஐஸ் போடாம பச்சத்தண்ணி ஊத்தி வைப்போம் டீச்சர். கசியறதா இருந்தா அப்பவும் கசியணும்ல?" என்றாள். மறுநாள் அந்தப் பையனே வீட்டிலிருந்து ஒரு சின்னக் கலயம் கொண்டுவந்தான். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி வைத்தோம். மதியத்துக்குள் கலயத்தின் வெளிப்பக்கம் ஈரம், டம்ளர் காய்ந்தபடியே இருந்தது.

ஒரு பத்திப் பாடத்துக்கு மூன்று பீரியட் போனது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. தேர்வு இருக்கிறது, பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும். நான் பருவத்துக்கு மூன்று நான்கு பாடங்களை மட்டும் இப்படி நிதானமாக எடுக்கிறேன். மற்ற நாட்களில் செய்வது ஒன்றுதான். கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பேன்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேச வருகிறார்கள் என்றார். மூன்று நொடி கேட்பதற்குச் சின்னதுதான். வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். நான் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவேன்.

கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறேன். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன். பிறகு, "உன் ஃபிரெண்டு என்ன சொன்னா?" என்று கேட்பேன். தன் கருத்தைச் சொல்ல பயப்படுகிற பிள்ளை தோழியின் கருத்தைத் தயங்காமல் சொல்லும். தப்பாகிவிட்டாலும் அவமானம் இல்லை. சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன். சுமார் 800 வருடத்துக்கு முந்திய நன்னூலிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வருமாம். உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறதாம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு பெண் "பூ பறிச்சா செடிக்கு வலிக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். அவசரத்தில், "பாடத்துல இருக்கிறத மட்டும் கேளு" என்றேன். அந்த வருடம் முடியும்வரை அவள் கை தூக்கவே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. இப்போது எனக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டுக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைக்கிறேன். விடை கிடைக்கும்வரை அதை அழிக்கக் கூடாது என்பது வகுப்பின் சட்டம்.

இந்த வாரம் அங்கே இருப்பது, "பழைய பானையில் தண்ணீர் ஏன் அவ்வளவாகச் சில்லென்று ஆவதில்லை?" துளைகள் அடைபட்டிருக்கும் என்று ஒரு கட்சி சொல்கிறது. அப்படியானால் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிட வேண்டுமே என்று எதிர்க்கட்சி கேட்கிறது. சனிக்கிழமை இரண்டு பேர் வீட்டுப் பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்க்கப் போகிறார்கள்.