கால்நடை மருத்துவர் பதில்கள்: ஆண்டுக்கு ஒரே முட்டை

கே: திருக்கழுக்குன்றம் மலையில் தினமும் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிடும் என்று என் பாட்டி சொல்வார். அது உண்மையா? இப்போது ஏன் வருவதில்லை?
- வாசகி, செங்கல்பட்டு

ப: பாட்டி சொன்னது உண்மைதான். உச்சிவேளையில் பூசாரி சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்காருவார். இரண்டு பறவைகள் இறங்கி வந்து, தின்றுவிட்டுப் போகும். அவை மஞ்சள்முகப் பாறு. செத்த உயிர்களைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகைத்தான் பாறு என்கிறோம். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், நம் நாட்டுப் பாறு வகைகளிலேயே சிறியது. 1990களில் அந்த வருகை நின்றுபோனது.

அதே காலத்தில்தான் நாடு முழுக்கப் பாறுகள் அழிந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் ஊர்க் கோடிகளில் செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்த பறவை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அதில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. தமிழ்நாட்டில் வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை, மஞ்சள்முகம் என நான்கு வகைப் பாறுகளைப் பார்க்கலாம். ஆனால் இன்று பெரும்பாலும் முதுமலை, சீகூர், மாயாறு, சத்தியமங்கலம் பக்கம் போனால்தான் கண்ணில் படும்.

கே: மாட்டுக்குப் போட்ட ஊசியால் கழுகு சாகிறது என்கிறார்கள். மாட்டையே ஒன்றும் செய்யாத மருந்து கழுகை எப்படிக் கொல்லும்? நம்பும்படியாக இல்லையே, டாக்டர்.
- விவசாயி, சத்தியமங்கலம்

ப: நியாயமான கேள்விதான் ஐயா. என்னிடம் மாடு ஓட்டி வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

மருந்தின் பெயர் டைக்ளோஃபெனாக். வலி, காய்ச்சல், மடி வீக்கம் எல்லாவற்றுக்கும் விலை மலிவாகக் கிடைத்தது, மாடும் சீக்கிரம் எழுந்து நின்றது. மாட்டின் உடம்பு அதைச் சில நாட்களில் வெளியேற்றிவிடும். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்துவிட்டால்தான் சிக்கல். ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து தங்கிவிடுகிறது. பாறு முதலில் கொத்தித் தின்பதும் அந்த மென்மையான உள்ளுறுப்புகளைத்தான்.

பறவைகள் நம்மைப் போல நீராகச் சிறுநீர் கழிப்பதில்லை. கழிவை யூரிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். டைக்ளோஃபெனாக் பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் ரத்தத்தில் ஏறி, உள்ளுறுப்புகளின் மேல் படிகமாகப் படிகிறது. இப்படி இறந்த பாறுவை அறுத்துப் பார்த்தால் ஈரலும் இதயமும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். தின்ற சில நாட்களுக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும், அப்புறம் விழுந்துவிடும்.

ஏதோ வைரஸ் கிருமி என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்து, காரணம் இந்த மருந்துதான் என்று லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் நிரூபித்தார்கள். நான் கால்நடை மருத்துவத்தில் படித்த ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான். நோய் தீர்க்கக் கொடுத்த மருந்தல்லவா அது!

எல்லா மாட்டிலும் மருந்து இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 130 சடலங்களில் ஒன்று முதல் 760 சடலங்களில் ஒன்று வரை நஞ்சாக இருந்தாலே அந்த வேகச் சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பாறு இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்து அடுத்தது வரும், அதைப் பார்த்து இன்னொன்று வரும். ஒரே சடலத்தில் பத்து இருபது பாறுகள் உட்கார்ந்துவிடும். அதில் மருந்து இருந்தால் அத்தனைக்கும் ஆபத்து.

கே: மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை 2006-லேயே தடை செய்தாயிற்று. இத்தனை வருடத்தில் பாறுகள் பெருகியிருக்க வேண்டாமா?
- கல்லூரி மாணவர், கோவை

ப: தம்பி, பாறுவின் வாழ்க்கையைப் பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது.

மாயாற்றங்கரையில் உயர்ந்த நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். மழை ஓயும் சமயத்தில் ஜோடி சேர்ந்து குச்சி பொறுக்கும். இடுவது ஒரே ஒரு முட்டை. ஏறக்குறைய ஏழு வாரம் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பொரிந்த பிறகும் ஒன்று கூட்டில் காவல் இருக்க, மற்றது இரை தேடிப் போகும். தொண்டைப் பையில் நிரப்பி வந்ததைக் கக்கி ஊட்டும். குஞ்சு பறக்க இன்னும் மூன்று மாதமாவது ஆகும். அந்தக் குஞ்சு தானே கூடு கட்ட ஐந்து வயதாக வேண்டும்.

எதிர்க்கரையிலிருந்து தொலைநோக்கியில் ஒரு கூட்டைப் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறியதும் தாயோ தகப்பனோ இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சின் மேல் நிழல் பிடித்து நின்றது. காவல் மாற்ற ஜோடி வரும்வரை அது அசையவே இல்லை. இரை தேடிப் போனது எங்கோ ஊசி போட்ட மாட்டைத் தின்று செத்திருந்தால்? மிஞ்சியது பசியோடு காவல் இருக்க வேண்டும், அல்லது குஞ்சைத் தனியே விட்டுப் பறக்க வேண்டும். பெரும்பாலும் குஞ்சு பிழைக்காது. அந்த ஆண்டு அந்தக் கூட்டுக்கு வேறு முட்டையும் இல்லை.

இப்படி மெதுவாகப் பெருகும் உயிர், வளர்ந்த பறவைகள் நீண்ட நாள் வாழ்வதை நம்பித்தான் நிலைத்திருக்கிறது. வளர்ந்தவை செத்துக்கொண்டே இருந்தால் குஞ்சுகளால் ஈடுகட்டவே முடியாது.

தடையிலும் ஓட்டை இருந்தது. மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் 30 மில்லி குப்பிகளில் தாராளமாகக் கிடைத்தது. 30 மில்லி மனிதர் யாருக்கும் ஒரே வேளையில் தேவைப்படாது, மாட்டுக்குத்தான் அது வசதி. 2015-இல்தான் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்று உத்தரவு வந்தது. மருந்து கம்பெனிகள் வழக்குப் போட்டன, சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் உத்தரவு செல்லும் என்றது. அதற்குள் வேறு மருந்துகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது, கீட்டோப்ரோஃபென் நேரடியாகவே பாறுவைக் கொல்கிறது. இரண்டையும் மாட்டுக்குத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது. ஆராய்ச்சி சொன்ன பிறகும் இவ்வளவு தாமதம் செய்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. 2023-இல் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது டிசம்பர் கணக்கில் 320 பாறுகள் தெரிந்தன. தென்னிந்தியக் காடுகளில் அவை நிலைத்திருக்கின்றன.

கே: புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டில் சிலர் பூச்சிமருந்து தடவிவிடுகிறார்கள். சொன்னால் கோபிக்கிறார்கள்.
- வாசகர், மசினகுடி

ப: அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கறவை மாடு போனால் வீட்டு வருமானமே போய்விடும். ஆனால் அந்த மாட்டைத் தேடி முதலில் வருவது பெரும்பாலும் புலியாக இருக்காது. பாறு, காக்கை, நரிதான் வரும். மருந்து தடவுவது குற்றமும்கூட. மாடு அடிபட்ட உடனே வனத்துறைக்குச் சொல்லி, சடலத்தை இடம் மாற்றாமல் படம் எடுத்து வைத்து, கால்நடை மருத்துவரின் சான்றோடு இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் வரத் தாமதமானால் சலிக்காமல் பின்னால் அலையத்தான் வேண்டும். இதில் வனத்துறை வேகம் காட்டினால் பாதி விஷம் தானாகக் குறையும்.

கே: என் பசுவுக்கு மடி வீக்கம். எந்த ஊசி போடலாம்? அது செத்துவிட்டால் என்ன செய்வது?
- வாசகி, தாளவாடி

ப: மெலாக்சிகம் கேளுங்கள் அம்மா. வலிக்கும் வீக்கத்துக்கும் நன்றாகக் கேட்கும், பாறுவுக்குத் தீங்கில்லை என்று சோதித்து உறுதி செய்த மருந்து. டோல்ஃபெனாமிக் அமிலமும் பாதுகாப்பானதுதான். மடி நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படலாம், அதை டாக்டர் பார்த்து முடிவு செய்வார். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். என்ன ஊசி, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறந்தால், பாறுவுக்குப் பாதுகாப்பான மருந்துதான் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மருந்தே கொடுக்காமல் முதுமையால் இறந்த மாடு என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தொற்று நோய் இல்லை என்று அவர் சொன்ன பிறகு, எங்கே போடலாம் என்று வனத்துறையிடம் கேளுங்கள்.