பிரிவு இலக்கத்தைப் பாருங்கள்: குற்றமும் தண்டனையும் பற்றிய வாசகர் கேள்விகள்

தம்பியைக் களவு வழக்கில் பிடித்துவிட்டார்கள். எத்தனை வருடம் மறியல்? (உப்புவெளி)

எந்தக் களவு என்று எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைப்படி வெறும் களவு 367ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை. வீட்டுக்குள் நடந்த களவு 369, 7 ஆண்டு வரை. அடித்தோ மிரட்டியோ பறித்தால் அது கொள்ளை, 380, 10 ஆண்டு வரை. எல்லாமே உச்ச அளவுகள். நீதவான் அதற்குள் குறைத்து விதிக்கலாம். பி அறிக்கையில் (பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) எழுதியிருக்கும் பிரிவு இலக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அயலவர் அடித்ததில் கை எலும்பு முறிந்தது. பொலிஸில் சின்ன அடிபிடி என்கிறார்கள். (மூதூர்)

எலும்பு முறிந்தால் அது சின்ன அடிபிடி இல்லை. 311ஆம் பிரிவின்படி அது கடுங்காயம். பல் உடைந்தாலும் அப்படியே. சாதாரண காயத்துக்கு (314) ஒரு வருடம் வரைதான். கடுங்காயத்துக்கு (316) 7 ஆண்டு, கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் என்றால் (317) 10 ஆண்டு வரை.

வழக்கு சுருங்கிப் போவது பெரும்பாலும் வைத்தியசாலையில். பார்மசியில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தாலும், வைத்தியரிடம் "விழுந்துவிட்டேன்" என்று சொன்னாலும் பிறகு திருத்துவது கடினம். அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், யார் எதனால் அடித்தார் என்று சொல்லுங்கள். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் நிரப்பப்பட்டதா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள்.

எட்டு வருடத்துக்கு முந்திய மோசடிக்கு இப்போது வழக்குப் போடலாமா? (கந்தளாய்)

போடலாம். பொதுவான எல்லை 20 ஆண்டு. கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் எல்லையே இல்லை.

வெளிநாடு அனுப்புவதாகப் பணம் வாங்கி ஏமாற்றியவர் மீது 420 போடச் சொன்னால் பொலிஸ் சிரிக்கிறது. எப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கொப்பியும் இல்லை. (நிலாவெளி)

சிரித்தது தவறு. ஆனால் 420ஐ எங்கிருந்து எடுத்தீர்கள்? வாரத்துக்கு நாலு கடிதமாவது 302 (கொலை), 420 (மோசடி), 498ஏ (மனைவியைக் கொடுமைப்படுத்தல்) என்று வருகிறது. எல்லாம் இந்தியப் படங்களில் கேட்ட இலக்கங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவிலேயே புதிய சட்டம். அங்கே கொலை 103, மோசடி 318.

நமக்கு இருப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதில் கொலை 296, மரண தண்டனை. கொலை என்ற அளவுக்கு எட்டாத ஆட்கொலை 297, 20 ஆண்டு வரை. கவனயீனத்தால் மரணம் 298, 5 ஆண்டு வரை. அடுத்தடுத்த இலக்கங்கள்தான், ஆனால் ஓர் இலக்கம் மாறினால் 15 ஆண்டு வித்தியாசம். 498ஏ என்று எழுதும் சகோதரிகளே, அப்படி ஒரு பிரிவு இங்கே கிடையாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இல்லாத பிரிவைத் தேடி அந்த உரிமையைத் தவற விடாதீர்கள்.

உங்கள் விசயத்துக்குப் பொருந்துவது 403: ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ கைமாற்றச் செய்தல், 7 ஆண்டு வரை. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் "கொடுக்கல் வாங்கல்தானே, சிவில் வழக்குப் போடு" என்பார்கள். வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் செய்திகள், பொய் விசாக் கடதாசி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் முறையிடுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டிய பிறகு கையொப்பமிடுங்கள். எப்.ஐ.ஆர். கொப்பி இல்லாவிட்டாலும் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொலை வழக்கில் நீதவான் பிணை தரவே இல்லை. அநியாயம் இல்லையா? (கிண்ணியா)

அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களில் மேல் நீதிமன்ற நீதிபதிதான் பிணை வழங்கலாம்.

ஐஸ் போதைப்பொருள் எத்தனை கிராம் இருந்தால் பெரிய வழக்கு? (சீனக்குடா)

5 கிராம் எட்டினால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஹெரோயினுக்கு 2 கிராம். பொதியின் நிறை அல்ல, அரச பகுப்பாய்வாளர் கண்ட சுத்த நிறையே கணக்கு. 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்று தைரியம் கொள்ள வேண்டாம். ஆயுள் முழுக்க உள்ளேதான்.

இரண்டு வருடச் சிறையை ஒத்திவைத்துவிட்டார்கள். விடுதலைதானே? (தம்பலகாமம்)

இல்லை. குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கிறது. ஒத்திவைப்புக் காலம் குறைந்தது 5 ஆண்டு. அதற்குள் சிறைத்தண்டனைக்குரிய வேறொரு குற்றம் செய்தால் பழைய இரண்டு வருடமும் உயிர்பெறும். தீர்ப்பின் பிரதியை எடுத்து, காலம் முடியும் திகதியையும் பிரிவு இலக்கத்தையும் பாருங்கள்.