பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார், எஃப்எம்பி (சர்க்காரின் நில அளவைப் புத்தக) வரைபடம் என் பக்கம் இருக்கிறது, இது கோர்ட்டில் செல்லுமா?

செல்லும். ஆனால் அது உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதை நக்கலாகக் கேட்கவில்லை. இதே நம்பிக்கையோடு போய் மூக்கறுபட்டு வந்தவள் நான், அதனால்தான் கேட்கிறேன். அநேகமாக நீங்களும் வெளியூரில் இருந்துகொண்டு, இணையத்தில் எஃப்எம்பியை எடுத்து, போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. ரிட்டயர்டு டீச்சர். ஐந்து வருஷம் ஒரு சிவில் கேஸ் நடத்திய அனுபவம் மட்டும்தான். பின்னூட்டத்தில் செக்‌ஷன் நம்பரோடு சண்டைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டு வாருங்கள்.

சாத்தான்குளம் பக்கம் அப்பா 1974இல் வாங்கிய நிலம். பத்திரத்தில் 84 சென்ட். 2009இல் தான செட்டில்மெண்ட்டாக எனக்கு எழுதிவைத்தார். கிழக்கே ஒரு அண்ணாச்சியின் நிலம். நடுவில் வரப்பு, வரப்பில் வரிசையாகப் பதினோரு பனை. அப்பா இருந்தவரை எல்லை எது என்று யாரும் கேட்டதில்லை, பனை நின்றது, அதுதான் எல்லை. அப்பா போனபிறகு, 2018இல், அண்ணாச்சியின் மகன் கம்பிவேலி போடக் கல் ஊன்றினான். அது நம் நிலத்துக்குள் வந்த மாதிரி எனக்குப் பட்டது.

தம்பி தாலுகா ஆபீஸில் எஃப்எம்பி நகல் வாங்கி ஸ்கேன் செய்து வாட்ஸப்பில் அனுப்பினான். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். மேற்கு ஓரத்தில் எல்லைக்கல்லைக் காணோம், அதனால் அண்ணாச்சி நிலத்தின் கிழக்குக் கல்லிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். 1:2000 அளவு, அதாவது பேப்பரில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 20 மீட்டர். அவர் நிலத்தின் அகலம் பேப்பரில் 2.8 சென்டிமீட்டர் வந்தது. ஆக 56 மீட்டர்தான் அவருக்கு, ஆனால் அவர் மகன் 60 மீட்டரில் கல் ஊன்றியிருக்கிறான், நாலு மீட்டர், 13 அடி நம் நிலத்தைச் சாப்பிட்டுவிட்டான்! வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். அந்த அண்ணாச்சி சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கொடைக்குப் போனவர். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்.

எஃப்-லைன், அதாவது சர்வேயரை வைத்து எல்லைக்கோட்டை, அளக்க மனுப் போட்டு, பல மாதம் அலைந்து, 2019இல் சர்வேயர் வந்தார். என் பிரிண்டை வாங்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். பேப்பருக்குள் அடங்கவேண்டும் என்று ஜெராக்ஸ் கடை மெஷின் படத்தைச் சுருக்கியிருக்கிறது. 3 சென்டிமீட்டர் வரவேண்டியது 2.8 ஆகிவிட்டது. இத்தனைக்கும் கோட்டின் மேலேயே அளவை மீட்டரில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. "எண்ணைப் படிக்கணும்மா, ஸ்கேலை வைக்கக்கூடாது" என்றார். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளிடம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முச்சந்திக் கல்லை (மூன்று எல்லை கூடுகிற இடத்துக் கல்) தேடிப்பிடித்து, அங்கிருந்து அளந்துகொண்டு வந்து சர்வேயர் எல்லையைக் காட்டியபோது, கோடு பனைவரிசைக்கு ஆறடி மேற்கே, எங்கள் பக்கம், விழுந்தது. அதாவது நான் நம்பிப்போன அதே வரைபடத்தின்படி பதினோரு பனையும் அண்ணாச்சி நிலத்தில். நான்தான் மனுக் கொடுத்தேன், நான்தான் பணம் கட்டினேன், என் செலவிலேயே என் எல்லையைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எப்படி ஆனது என்று பிறகு புரிந்தது. எண்பதுகளில் யூடிஆர் என்று நில ஆவணங்களைத் திருத்தினார்கள் அல்லவா, அப்போது ரெண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள உட்பிரிவுக் கோட்டை எப்படியோ நேராக இழுத்துவிட்டார்கள். பட்டாவில் 0.32.5 ஹெக்டேர் (அதாவது 0.325) என்று ஏறியது. அது 80 சென்ட். பத்திரத்தில் 84. அப்பாவுக்கு சென்ட் தெரியும், மரக்கால் விதைப்பாடு தெரியும், ஹெக்டேர் தெரியாது. முப்பது வருஷம் அந்தப் பட்டாவை வைத்துத் தீர்வை கட்டினார், நாலு சென்ட் குறைந்தது தெரியாமலே. உங்கள் பட்டாவின் ஹெக்டேரை இன்றைக்கே 247.1ஆல் பெருக்கிப் பாருங்கள். வருகிற சென்ட்டும் பத்திரத்தில் உள்ள சென்ட்டும் ஒன்றா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

சர்வேயர் போன மறுவாரம் பதினோரு பனையையும் வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டான் மகன். இதைச் சொல்லாமல் போகமுடியாது. ஒரு பனை பாளை விடவே எத்தனை வருஷம் ஆகும்! மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் நானே நடத்தியிருக்கிறேன். வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில்தான் அறிவித்தார்கள், எங்கள் பனைக்கு அது ரெண்டு வருஷம் லேட். அறிவித்த பிறகும் லாரி போய்க்கொண்டுதான் இருக்கிறது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வக்கீல் வரைபடத்தைத் தள்ளிவைத்துவிட்டு 1974 பத்திரத்தைக் கேட்டார். சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருந்தது, அதில் "கிழக்கே பனைமர வரிசைக்கும் மேற்கு" என்று ஒரு வரி, அதாவது எங்கள் நிலத்தின் கிழக்கு எல்லை பனைவரிசை. அந்த வரிதான் எங்களைக் காப்பாற்றியது. விஸ்தீரணமும் சர்வே எண்ணும் ஒன்று சொல்லி, நான்கெல்லை வேறொன்று சொன்னால், எல்லை தெளிவாக இருக்கிற பட்சத்தில் எல்லைதான் பொதுவாக நிற்கும். கோர்ட்டுகள் பலமுறை சொன்ன விதி இது. தெளிவாக இருக்கிற பட்சத்தில் என்பதை இன்னொருமுறை படியுங்கள். "கிழக்கே இன்னார் நிலம்" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் தோற்றிருப்பேன்.

வரைபடத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. சர்க்கார் தயாரித்த வரைபடம் சரியானது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்த விஷயம் இது. 2024 ஜூலை முதல் சட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. தப்பு என்று சொல்கிறவர்தான் தப்பை நிரூபிக்கவேண்டும். வழக்குக்காக நாமே வரைந்துகொண்டு போகிற படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அது சரியென்று நாம்தான் நிரூபிக்கவேண்டும். நான் ஸ்கெட்ச் பேனாவில் கலர் கலராக வரைந்த ஒன்றை வக்கீல் வாங்கி ஃபைலின் கடைசியில் செருகினார், பிறகு அதை வெளியே எடுக்கவேயில்லை. ஆனால் சர்க்கார் படமே ஆனாலும் அது நிலம் எங்கே, எவ்வளவு என்று சொல்கிற சாட்சி. யாருடையது என்பதைப் பத்திரம்தான் சொல்லவேண்டும். பட்டாவும் அப்படித்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் 1923 சர்வே மற்றும் எல்லைகள் சட்டத்தை எடுத்தார். சர்வே முடிந்து அறிவிப்பு வந்துவிட்டால் அந்த எல்லையே முடிவானது, ஆட்சேபணை இருந்தால் மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்கு வந்திருக்கவேண்டும், இப்போது வந்து என்ன என்றார். எனக்குக் கை நடுங்கியது. அப்பாவுக்கு நோட்டீஸே வரவில்லை, தவிர அந்தச் சட்டம் எல்லையைப் பற்றியது, உரிமையைப் பற்றியது இல்லை என்று எங்கள் வக்கீல் வாதாடினார். உங்களிடமும் இந்தக் கேள்வி வரும், இப்போதே யோசித்துவையுங்கள்.

கோர்ட் ஒரு அட்வகேட் கமிஷனரைப் போட்டது, அதாவது இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கிற வக்கீல். லாக்டவுனெல்லாம் முடிந்து 2021இல் வந்தார், கூடவே சர்வேயரும். பத்திரம் என் பேரில், கேஸ் என் பேரில், ஆனால் ரெண்டு பேரும் எதைக் கேட்டாலும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அவருக்கு நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. மரத்தை வெட்டினவன் தூரைத் தோண்டவில்லை. பதினோரு பனந்தூரில் ஏழு மண்ணோடு மண்ணாக அப்படியே இருந்தது. ஏழையும் கமிஷனர் தன் வரைபடத்தில் புள்ளி வைத்து, கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொண்டார். அப்புறம் பனையேறித் தாத்தா கூண்டில் ஏறி, "அந்தப் பனை பூராவும் வாத்தியாருக்குத்தான் குத்தகை கொடுத்தேன், பதினேழு வருசம்" என்றார். (வாத்தியார் என்றது அப்பாவை.) நிலத்தை அனுபவித்து வந்தது யார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எங்களிடம் இல்லை.

2023இல் எங்களுக்குத் தீர்ப்பானது. அவர்கள் அப்பீல் போனார்கள். 2024இல் அண்ணாச்சியே ஆள் விட்டு ராஜிக்கு வந்தார். பனந்தூர்க் கோடுதான் எல்லை என்று எழுதி, கமிஷனர் வரைபடத்தையே ராஜிமனுவோடு இணைத்து, ரெண்டு தரப்பும் அதில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம். டிக்ரியோடு அந்தப் படமும் சேர்ந்தே இருக்கிறது. உட்பிரிவைத் திருத்த அதைத்தான் தாலுகா ஆபீஸில் கொடுத்திருக்கிறேன். இன்னும் திருத்தவில்லை.

நாலு சென்ட்டுக்காக இவ்வளவா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வக்கீல் ஃபீஸுக்கு நிலத்தையே இன்னொருமுறை வாங்கியிருக்கலாம். அண்ணாச்சி என்னோடு இப்போதும் பேசுவதில்லை. அதில் அந்தப் 13 அடிக் கத்தலுக்குப் பாதிப் பங்கு உண்டு.

நீங்கள் வேலியைப் பற்றி அவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை என்றால், திறக்காதீர்கள். தாய்ப்பத்திரத்தின் நகலைப் போட்டு நான்கெல்லையை வரிவரியாகப் படியுங்கள். அதில் மரம், ஓடை, கிணறு, பாதை என்று எது எழுதியிருந்தாலும் இன்று அது தரையில் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள், நின்றால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவையுங்கள். எஃப்-லைன் மனு அதற்குப் பிறகு போதும். எஃப்எம்பியைப் பிரிண்ட் போடும்போது நூறு சதவீத அளவில் போடச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்கா" என்பார்.