மூடிய பள்ளிக்கூடத்தில் கடலாமைகள்

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியைப் பிள்ளைகள் இல்லை என்று பூட்டிவிட்டார்கள். இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்கிறார்கள் சிலர். வேறு என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மணமேல்குடி

பதில்: இடிக்க மட்டும் விடாதீர்கள். ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் முரோத்தோ என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே ஷீனா என்ற மீனவக் கிராமத்துத் தொடக்கப்பள்ளியும் இப்படித்தான் பிள்ளைகள் இல்லாமல் 2006இல் மூடப்பட்டது. 2018 ஏப்ரலில் அதே கட்டடம் மீன் காட்சியகமாகத் திறந்தது. 25 மீட்டர் நீச்சல் குளத்தில் இப்போது கடலாமைகளும் கொம்பன் சுறாக்களும் நீந்துகின்றன. பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவிய நீளத் தொட்டியில் கடல் அட்டையும் நட்சத்திர மீனும் கிடக்கின்றன. குனிந்து தொட்டுப் பார்க்கலாம். உடற்பயிற்சி வகுப்பில் தாண்டிக் குதித்த மரப்பெட்டிகூட மீன் தொட்டியாகிவிட்டது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

அந்த மீன்களில் பெரும்பாலானவை விலை கொடுத்து வரவழைத்தவை அல்ல. உள்ளூர் மீனவர்கள் கடலில் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் நிலைவலையில் சிக்கியவை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். ஊர்த் தொழிலே பள்ளிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீங்களும் மீன் காட்சியகம் கட்டுங்கள் என்று சொல்லமாட்டேன். அங்கே நகராட்சி பணம் போட்டது, கடலாமை ஆய்வாளர்கள் அமைப்பு நடத்துகிறது. உங்கள் ஊருக்கு வலை பழுதுபார்க்க நிழலான இடம், மகளிர் குழுவுக்கு ஓர் அறை, மாலையில் பிள்ளைகள் படிக்க விளக்கு எரியும் கூடம் என்று எத்தனையோ தேவை இருக்கும். எதுவானாலும் கரும்பலகையையும் கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் அப்படியே விட்டுவையுங்கள். நாளை மறுபடி பள்ளி திறக்க நேரலாம். 2019இல் தமிழக அரசு, மாணவர் சேர்க்கை இல்லாத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக்க முடிவு செய்தது. உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூரில் அப்படி நூலகமான பள்ளி, பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்க முன்வந்ததும் சில நாட்களிலேயே மறுபடி பள்ளியாகத் திறந்தது. கட்டடம் நின்றதால்தான் அது முடிந்தது. மண்டபம் கட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் பத்துப் பேரோடு போங்கள். இடிக்கக் கூடாது என்ற தீர்மானத்தை முதலில் எழுத வையுங்கள். என்ன செய்வது என்பதை அதன் பிறகு பேசலாம்.