பதில்: செங்கோட்டை மனையும் அச்சன்கோவில் பிளவும்

அண்ணாச்சி, செங்கோட்டைப் பக்கம் பார்த்த மனைக்கு அடியில் அச்சன்கோவில் பிளவு (நிலத்தடிப் பாறையில் நீளமாக ஓடும் வெடிப்பு; நகர்ந்தால் நிலநடுக்கம் வரும்) ஓடுகிறது என்று பக்கத்து மனைக்காரர் சொன்னதால் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குகிறீர்கள். வரைபடத்தில் கோடு இருப்பது வேறு, அது இன்றும் நகர்வது வேறு. அந்தப் பிளவு 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. ஒரு பிளவு இன்னும் நகர்கிறதா என்றறிய, குறுக்கே பள்ளம் தோண்டி மண் அடுக்குகள் அறுந்து விலகியிருக்கின்றனவா என்று பார்த்து, அவற்றின் வயதைக் கணிப்பார்கள். அப்புறம் ஜிபிஎஸ், நிலநடுக்கமானி வைத்துக் கண்காணிப்பார்கள். மனைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்கிற சமாச்சாரமா அது?

அதற்காக அசட்டையும் வேண்டாம். 1993 இல் நிலநடுக்கத்தில் குலுங்கிய மகாராஷ்டிரத்துக் கில்லாரி, அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம்தான். அங்கே ஆளைக் கொன்றவை மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர்கள். பத்திரம் சரியாக இருந்தால் வாங்குங்கள். அஸ்திவாரத்துக்கு மேலும் லிண்டல் மட்டத்திலும் (கதவு, ஜன்னலுக்கு நேர் மேலே) கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட்டை வீட்டைச் சுற்றி விடாமல் போடச் சொல்லுங்கள்.