வாசகர் கேள்வி – பதில்: பாட்டெழுதுகிறவரின் பங்கு

கே: அமெரிக்க கன்ட்ரி இசையில் விருது பாடுகிறவருக்கா, எழுதியவருக்கா?
— வாசகி, நாகர்கோவில்

ப: இருவருக்கும் தனித்தனியாக உண்டு. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் (சி.எம்.ஏ.) தரும் விருதுகளில் 'சாங் ஆஃப் தி இயர்' எழுதியவர்களுக்கு. 'சிங்கிள் ஆஃப் தி இயர்' என்பது தனியாக வெளியான ஒலிப்பதிவுக்கு; அது பாடகருக்கும் தயாரிப்பாளருக்கும். கிராமியில் 'பெஸ்ட் கன்ட்ரி சாங்' எழுதியவர்களுக்குப் போகிறது.

கே: பாடிப் புகழ்பெறாமல், எழுதியே உயர்ந்த ஒருவரைச் சொல்லுங்களேன். அவர் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?
— வாசகர், தஞ்சாவூர்

ப: பாபி பிராடக். 1940-ல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். 1964-ல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வந்து, பாடகர் மார்ட்டி ராபின்ஸ் குழுவில் பியானோ வாசித்தார். 1968-ல் டாமி வைனெட் பாடியதில் தொடங்கி 2009-ல் பில்லி கரிங்டன் பாடியது வரை, அடுத்தடுத்து ஐந்து பத்தாண்டுகளிலும் அவர் பாட்டுகள் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தன. 2011-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

அவர் திறமையைப் பார்க்க ஒரே பாட்டு போதும். கர்லி புட்மனோடு சேர்ந்து எழுதி, ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி 1980-ல் வந்த 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே'. சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று சொன்னவன் ஒருவன். அவள் போய்விட்டாள். பழைய கடிதங்கள் கட்டிலருகே இருக்கின்றன, தேதி 1962. அவற்றில் காதலைச் சொல்லும் இடத்திலெல்லாம் சிவப்பில் அடிக்கோடு போட்டிருக்கிறான். தவித்தான், உருகினான் என்று ஒரு சொல் வேண்டுமா? அந்தச் சிவப்புக் கோடே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பிறகு பல்லவி வருகிறது: அவளை நேசிப்பதை இன்று நிறுத்திவிட்டான். வாசலில் மலர்வளையம் தொங்குகிறது. அப்போதுதான் நமக்குப் புரிகிறது, சொன்ன சொல்லை அவன் காப்பாற்றியிருக்கிறான்.

இது ஒரே மூச்சில் எழுதியது அல்ல. தயாரிப்பாளர் பில்லி ஷெரில் முதல் வடிவத்தில் திருப்தியடையவில்லை. அந்தப் பெண் இறுதிச்சடங்குக்கு வரவேண்டும் என்றார், திரும்பத் திரும்ப எழுத வைத்தார். அந்தப் பகுதி பாட்டாக இல்லாமல் பேச்சாகவே ஒலிக்கிறது. அது இல்லையென்றால் நமக்குக் கிடைப்பது ஒரு சாவுச் செய்திதான். அவள் வந்து நிற்கும்போதுதான் இத்தனை வருடக் காத்திருப்புக்கு ஒரு முகம் கிடைக்கிறது. இத்தனை சோகத்தை யார் வாங்குவார்கள் என்று ஜோன்ஸே நம்பிக்கையில்லாமல் இருந்தார். பதிவு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 1980, 1981 இரண்டு வருடமும் சி.எம்.ஏ.வின் 'சாங் ஆஃப் தி இயர்' இதற்கே.

கே: ஒரு பாட்டு ஹிட்டானால் எழுதியவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாமா?
— வாசகர், ஈரோடு

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் டவுன்லோடுக்கும் சட்டம் நிர்ணயித்த 'மெக்கானிக்கல் ராயல்டி' உண்டு. 1909 முதல் 1977 வரை அது வெறும் 2 சென்ட். 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட். 2024-ல், 5 நிமிடத்துக்கு மிகாத பாட்டுக்கு 12.4 சென்ட். அந்த விலையில் ஒரு லட்சம் பிரதி விற்றால் 12,400 டாலர். வழக்கமான ஒப்பந்தத்தில் பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷருக்கு. மீதி 6,200. எழுதியவர் இருவர் என்றால் ஆளுக்கு 3,100.

அதுவும் கைக்கு வராமல் போகலாம். பப்ளிஷர் மாதாமாதம் தரும் பணம் சம்பளம் அல்ல, முன்பணம். மாதம் 1,500 டாலர் வாங்கினீர்கள் என்றால் வருடத்துக்கு 18,000. அந்த 3,100 அப்படியே அந்தக் கடனில் கழிந்துவிடும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

காப்பாற்றுவது ரேடியோ. அங்கே சாதாரண ரேடியோ ஒலிபரப்புக்கு எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் பணம் உண்டு, பாடியவருக்கு இல்லை. அதை பி.எம்.ஐ., ஆஸ்கேப் போன்ற அமைப்புகள் வசூலித்து, எழுதியவரின் பங்கை நேரே அவருக்கே அனுப்புகின்றன. பப்ளிஷரின் முன்பணக் கணக்கு பொதுவாக இதைத் தொடுவதில்லை.

கே: எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. நாஷ்வில் பாணியில் எழுத அது அவசியமா?
— வாசகி, மதுரை

ப: வேண்டாம். அங்கே ஸ்டூடியோவில் ஓடுவது எண் முறை. சுருதியின் ஆதார ஸ்வரம் 1, அதிலிருந்து எண்ணிக்கொண்டே போகவேண்டும். நம் ச, ம, ப என்பதை 1, 4, 5 என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு எண்ணும் தனி ஸ்வரத்தைக் குறிப்பதில்லை, ஒரு கார்டை (chord), அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தைக் குறிக்கும். மைனர் கார்டு என்றால் பக்கத்தில் ஒரு சிறு கோடு. எண்ணைச் சுற்றி வைர வடிவம் போட்டால் அடித்துவிட்டு அப்படியே ஒலிக்க விடவேண்டும். பாடகர் சுருதி மாற்றினால் தாளைத் திருத்த வேண்டியதில்லை. மூன்று மணி நேர டெமோ (மாதிரி) பதிவில் இது எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கிறது என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

கே: கையெழுத்துப் போடும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், சென்னை

ப: பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஹிட்டான பிறகு பேசினால் சண்டைதான். உங்கள் பாட்டை வெளியிட உங்களிடமே பணம் கேட்கிறவர் பப்ளிஷர் அல்ல. ஒரு பாடகர் பாட்டை 'ஹோல்டு' போட்டால், அதாவது தனக்காக எடுத்துவைக்கச் சொன்னால், அது வாக்கு மட்டுமே, காசில்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து கடைசியில் ஆல்பத்தில் இடம்பெறாமல் போவது சாதாரணம்.

இங்கே சினிமாவுக்கு எழுதுகிறவர்களுக்கு 2012 காப்புரிமைத் திருத்தம் ஒரு பிடிமானம் தருகிறது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த பயன்பாடுகளுக்கான ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி, எழுதிக்கொடுக்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் வழி வேறு. 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமையைப் பொதுவாக 35 வருடம் கழித்து எழுதியவர் திரும்பக் கேட்கலாம். அதற்கான நோட்டீஸை, குறிக்கும் தேதிக்குக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 10 வருடம் முன்பாக அனுப்பவேண்டும். ஒப்பந்தத் தேதியை இன்றே டைரியில் குறித்துவையுங்கள்.